வடக்குத் தெருவைப் பார்த்து ஒரு வாசல்

வாசல் எந்தத் தெருவைப் பார்க்கிறதோ, அந்தத் தெருவின் கால்பந்து கிளப்புக்குத்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆட வேண்டும் என்று சங்கத்தில் விதி. எல்லை பிரித்தபோது பெரும்பாலான வீடுகள் கிழக்குத் தெருவுக்குப் போயின. வடக்குத் தெருவுக்குக் கிடைத்தவை ஐஸ் கம்பெனியின் பின்சுவர், உப்புக் கிடங்குகள், கல்லறைத் தோட்டம், கடைக்கோடியில் சில வீடுகள். வடக்குத் தெரு கிளப்பின் செயலாளர் அருளப்பன் மனுக் கொடுத்தே ஓய்ந்துபோனார். கடைசியில் தன் வீட்டு அறைக் கதவைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு, கொத்தனாரோடு, கிழக்குத் தெருவைப் பார்த்திருந்த மூலைவீட்டுக்கு வந்து நின்றார். அந்த வீட்டுப் பெண் அன்சிலா கோல் காத்தால் பந்து உள்ளே போகாது.

"வாசல மட்டும் எங்க பக்கம் திருப்பிக்கிடுதேன், ததேயு."

"அவ திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டா அண்ணாச்சி. இனி எங்க ஆட?" என்றார் அவளுடைய அப்பா.

கொத்தனார் திரும்பிப் போகத் தயாரானார். அருளப்பன் கதவை மெல்ல இறக்கி வடக்குச் சுவரில் சாய்த்தார்.

"இதத் திரும்பத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல. எங்க தெருவப் பாத்து இன்னொரு வாசல் இருந்துட்டுப் போவுது."

ததேயு உள்ளே போய், அந்தச் சுவரோரம் கிடந்த மகளின் கட்டிலை இழுத்து நகர்த்தினார்.