மரிவிக் சொன்ன செனட்டர்

"அப்பிடி ஒரு செனட்டர் இல்லையாம்," என்று என் கணவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வடிவாத் தேடினீங்களோ?"

"பிலிப்பைன்சில செனட்டரா இருந்த பொம்பிளையள் எல்லாற்ற பேரையும் பாத்திட்டன். பெலிசா எண்டு ஒருத்தரும் இல்லை. உன்னோட வேலை செய்யிற அந்த மரிவிக் உன்னை நல்லாப் பேய்க்காட்டிப் போட்டாள்."

மகள் சாரங்கிக்குத் தீத்திக்கொண்டிருந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது.

அன்று காலையில்தான் டேனிஷ் பேச்சுப் பரீட்சையில் பாஸ் பண்ணினேன். அதுவும் அந்தப் பெலிசாவின் கதையைச் சொல்லித்தான்.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற ஹோர்சன்ஸ் நகரத்தைப் பற்றித்தான் பாடமாக்கிக்கொண்டு போனேன். பரீட்சை எடுக்க உள்ளே இருந்த இரண்டு பேரையும் கண்டதும் எல்லாம் மறந்து போச்சு. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. அதில் ஒரு அம்மா பாவம் பார்த்து, "சரி, வேலையிடத்தில என்ன கதைப்பீங்கள்?" என்று கேட்டா.

"ஒரு செனட்டரைப் பற்றி," என்றேன்.

பிறகு நான் கதையை நிறுத்தவே இல்லை. பெலிசா தலையில் சட்டி வைத்து மீன் விற்றது. சந்தைக்காரர் அவவைத் தலைவியாக்கினது. முதல் தேர்தலில் தோற்று, அடுத்ததில் மேயராக வந்தது. செனட்டில் முதல் நாள் பேச எழும்பியதும் குரல் அடைத்துப் போக, மீன் கூவி விற்கிற மாதிரியே கூவிப் பேசினது. வீட்டு வேலைக்காரப் பெண்களுக்குக் கிழமையில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று சண்டை பிடித்தது.

முடிந்ததும் அந்த அம்மா, "அவவின்ர பேரென்ன? நான் தேடி வாசிக்க வேணும்," என்றா.

நான் சந்தோசமாகப் பேரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

"அவ தேடிப் பாத்தால்?" என்று இவரைக் கேட்டேன். "பொய் சொன்னவள் எண்டு பாஸைப் பறிச்சுப் போடுவினமோ?"

இந்தப் பாஸ் இல்லாமல் நிரந்தர விசா கேட்க ஏலாது.

"உனக்கு அவளைத் தவிர வேற சிநேகிதமே கிடைக்கேல்லையோ?" என்றார் இவர்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரிவிக் ஏன் பொய் சொல்ல வேண்டும்? பெலிசா தோற்றதை அவ சொன்ன அன்று எனக்குக் கண் கலங்கினதே. அது யாருக்காக?

அடுத்த நாள் வேலைக்கு, முதியோர் இல்லத்தின் லாண்டரிக்குள் போனபோது மரிவிக் வழமைபோலப் படுக்கை விரிப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றா. மற்றப் பக்கத்தை நான் பிடிக்க வேண்டும். ஒருவர் பிடித்தால் மடிக்க ஏலாது. எனக்கு இங்கிலிஷ் வராது, அவவுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் பொது டேனிஷ்தான்.

நான் விரிப்பைத் தொடவில்லை.

"பெலிசா ஆர்?"

"நீ பாஸோ? அதை முதல் சொல்லு."

"பாஸ். ஆனா பொய் சொல்லித்தானே பாஸ் பண்ணினனான்! அப்பிடி ஒரு செனட்டரே இல்லை. இண்டைக்கே போய் அந்த அம்மாட்டை உண்மையைச் சொல்லப் போறன்."

"எந்தப் பாசையில சொல்லப் போறாய்?"

"டேனிசிலதான்!"

"நீ டேனிஷ் கதைக்கிறதைத்தானே அவை நேற்றுப் பாத்தவை," என்றா மரிவிக்.

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்.

"பின்னை உண்மை மாதிரி ஏன் சொன்னனீங்கள்?"

"பெலிசா உண்மை. என்ர அம்மா."

"உங்கட அம்மா செனட்டரோ?"

"மீன் விக்கிறா. அப்பவும், இப்பவும்."

"அப்ப மேயர்? செனட்?"

மரிவிக் விரிப்பின் மற்ற முனையைத் தானே எடுத்து என் கையில் வைத்தா.

"நீ வந்த புதுசில என்ன கேட்டாலும் தலையை மட்டும்தான் ஆட்டுவாய். ஊமையாக்கும் எண்டு நினைச்சன். ஒரு நாள் பொழுதுபோக அம்மா மீன் வித்த கதையைச் சொன்னன். அண்டைக்குத்தான் வாய் திறந்து 'பிறகு?' எண்டு கேட்டாய். அடுத்த நாளும் கேட்டாய். என்னட்டையோ சொல்லக் கதை முடிஞ்சு போச்சு."

மடிக்கிறதற்காக முனைகளோடு என் கிட்ட வந்து நின்றா.

"நீ திரும்பவும் வாயை மூடிப்போடுவாய் எண்ட பயத்திலதான், அம்மாவைத் தேர்தலில நிப்பாட்டினனான்."