மாலை போட்ட பஸ்

ஒரு டிப்போவில் பழைய பஸ் ஒன்றும் புது பஸ் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். புதுசு டீசலைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். அது ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அரசாங்கம் மானியம் கொடுத்தது. அதனால் முதலாளி அதை நீளமான பைபாஸ் ரோட்டில் ஓடவிட்டார். அங்கே ஏறுவதற்கு ஆள் கிடையாது. கூட்டம் நெரிகிற மலைப்பாதைக்குப் பழசுதான் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் பழசு ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. சாயங்காலம் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதிக தூரம் ஓடியதற்காகப் புதுசுக்கு அன்றைக்குத்தான் மாலை போட்டிருந்தார்கள்.

“என் ஜனங்க நடந்தே கீழ இறங்கிட்டாங்க தம்பி. பைபாஸ் பக்கம்தான் வந்திருப்பாங்க. பார்த்தியா?” என்று கேட்டது பழசு.

“பார்த்தேன் அண்ணே. ஒரு பொம்பளை, காய்ச்சக்காரப் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு கை காட்டுனாங்க.”

“ஏத்திக்கிட்டியா?”

“அங்க எனக்கு ஸ்டாப்பிங் இல்லையே.”

புதுசின் சீட்டுகளில் கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியாமல் இருந்தது.

புதுசு மெல்லக் கேட்டது: “அண்ணே, இந்த மாலையை எப்ப கழட்டுவாங்க?”