மைனஸ் நாற்பது

“வண்டியில ஒரு கோளாறும் இல்லேன்னு மெக்கானிக் சொல்லட்டும். அடுத்த நிமிஷம் ஸ்டேஷன்தான்” என்றார் இஷ்தியாக் அகமது.

ஆம்பூரில் ஷூ கம்பெனி நடத்துகிறவர். புகாரை எழுதி, மடித்து, சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தார். எதிரே கைகட்டி நின்றான் அவருடைய டிரைவர் ஞானசீலன்.

விஷயம் இதுதான். கார் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி, மூன்று மாதமாக ஒன்பதைத் தாண்டவில்லை. டிரைவர்தான் பெட்ரோலை உறிஞ்சி விற்கிறான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார்.

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது, பின்னால் கரும்புகை வருகிறது என்று ஞானசீலன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். திருடுகிறவன் சொல்லும் சாக்கு என்று அதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். நாற்பது தொழிலாளிகளும் காரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருத்தன் மாட்டப்போகிறான் என்றால் சோறு ஆறினாலும் பரவாயில்லை நமக்கு. தையல் பிரிவில் வேலை செய்யும் எப்சி மட்டும் கூட்டத்தின் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் ஞானசீலனின் மனைவி.

வேலூரிலிருந்து வந்திருந்த மெக்கானிக் ராமமூர்த்தி ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

“இன்னா?” என்றார் முதலாளி.

“இன்ஜினுக்குள்ள போற காத்து எவ்ளோ சூடுன்னு சொல்றதுக்கு ஒரு சென்சர் இருக்கு பாய். அது மைனஸ் நாப்பது டிகிரின்னு காட்டுது.”

மே மாத வெயிலில் தார் ரோடு செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். முதலாளி திரும்பிப் பார்த்ததும் அடங்கினார்கள்.

பனியில் நிற்கிறோம் என்று நினைத்து இன்ஜின் பெட்ரோலை அதிகமாக ஊற்றிக்கொள்கிறது, அதனால்தான் புகை, அதனால்தான் மைலேஜ் குறைகிறது என்று ராமமூர்த்தி விளக்கினார்.

“நீயும் இவனும் தோஸ்த்தா?”

ராமமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்கேனரை அவர் பக்கம் திருப்பி வைத்தார். சென்சருக்குப் போகும் வயரை லேசாக ஆட்டினார். மைனஸ் நாற்பது சட்டென்று நாற்பத்தாறு ஆனது. கையை எடுத்ததும் மறுபடி மைனஸ் நாற்பது.

வயரைக் கழற்றிக் காட்டினார். சென்சரின் வாய் விரிசல் விட்டிருந்தது. வயர் உள்ளேயே அறுந்துபோயிருந்தது. அறுந்ததை முறுக்கி ஒட்டி, பையிலிருந்த வேறொரு சென்சரை மாட்டி, வண்டியைக் கிளப்பச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கரும்புகை நின்றுபோனது.

எப்சி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் ராமமூர்த்தி அதோடு விடவில்லை.

“இது தானா ஒடையல. ஏர் பில்டரத் தெறக்கும்போது கிளிப்ப அமுக்காம, வயரப் புடிச்சி இழுத்திருக்காங்க. ஒரு தடவ இல்ல, பல தடவ. யாரு கழட்றது?”

தோலைத் தேய்க்கிற பஃபிங் மிஷின் தூசி அந்த வளாகம் முழுக்க மாவாகப் பறக்கும். வாரத்துக்கு ஒரு தடவை பில்டரைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் எந்த வண்டியும் மூச்சுத் திணறிவிடும்.

முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“நான்தாண்ணா” என்றான் ஞானசீலன்.

முதலாளிக்குக் குரல் திரும்பி வந்தது. படித்துப் படித்துச் சொன்னேனே, பார்த்துக் கழட்டக் கூடாதா, மூணு மாசப் பெட்ரோல் பாழாய்ப் போச்சே என்று பிடிபிடியென்று பிடித்தார். அப்புறம் பையிலிருந்த புகாரை எடுத்து எல்லாரும் பார்க்க நாலாகக் கிழித்துப் போட்டார்.

“போவட்டும். இந்த ஒரு தபா மன்னிச்சிட்டேன். வேலையப் பாரு.”

பெரிய மனசு என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். முதலாளி உள்ளே போனார். சாப்பாட்டு நேரம் முடிந்து கூட்டமும் கலைந்தது.

ராமமூர்த்தி மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். “இங்க வாய்யா. எப்படிக் கழட்டணும்னு சொல்லித் தர்றேன். மொதல்ல பில்டர் மூடியத் தெற.”

ஞானசீலன் குனிந்தான். மூடியின் மேலே தடவினான். பக்கவாட்டில் தடவினான். கிளிப் எங்கே இருக்கிறதென்றே அவனுக்குத் தெரியவில்லை.

ராமமூர்த்தி அவனையே பார்த்தார்.

“நீ இதத் தொட்டதே இல்லியா?”

“இல்லண்ணா. வெள்ளிக்கெழம கம்பெனி லீவுல மொதலாளியே தெறந்து காத்தடிப்பாரு. புது வண்டியாச்சே, எங்கள நம்பி உடமாட்டாரு.”

“அப்புறம் எதுக்குய்யா உன் மேல போட்டுக்கின?”

ஞானசீலன் கம்பெனி வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“நாப்பது பேரு முன்னால தலகுனிஞ்சி நின்னா எப்படி இருக்கும்னு இன்னிக்கித்தாண்ணா தெரிஞ்சிக்கினேன். அந்த மனுஷனும் அப்படி நிக்கணுமா?”