டிசம்பர் எட்டில் பிறந்தவர்கள்

“பதினேழு பேரும் டிசம்பர் எட்டாம் தேதியிலயே பொறந்தீங்களா? வருஷம் மட்டும் வேற வேறயா? இதை நான் நம்பணுமாய்யா?”

சப்-இன்ஸ்பெக்டர் மீரா உசேன் பாஸ்போர்ட் விசாரணைத் தாள்களைப் பஞ்சாயத்து அலுவலக மேசைமேல் போட்டார். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் அது. வழக்கமாக இந்த வேலைக்கு ஏட்டுதான் சைக்கிளில் வருவார். இந்த முறை, ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்கூட ஆகாத சப்-இன்ஸ்பெக்டரே ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார்.

எதிரே, அந்தப் பதினேழு பேரில் முன்னால் நின்றவன் வைரக்கண்ணு. ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வராமல் குறுவை போனதிலிருந்து ஊரில் பாதிப் பேர் வளைகுடா வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். அவனுக்குக் குவைத்தில் வேலை தயார். அடுத்த மாதத்துக்குள் பாஸ்போர்ட் கைக்கு வராவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். ஆனாலும் மறைக்க எதுவுமில்லை என்று நிமிர்ந்துதான் நின்றான்.

“பொய்யில்லைங்க சார். எங்களைப் பெத்தவங்களுக்குத் தேதி தெரியாது. அறுப்பு நேரத்துல பொறந்தான், வெள்ளம் வந்த வருஷம் பொறந்தான்னுதான் சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது ஆளைப் பார்த்து வயசைக் கணிச்சு வருஷம் போட்டாங்க எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் அமலோற்பவம் டீச்சர். தேதிக்கு எங்க போறது? தன்னோட பொறந்த தேதியையே எழுதிட்டாங்க.”

“எதுக்கு?”

“டிசம்பர் எட்டு அமலோற்பவ மாதா திருநாள். அவங்க அன்னைக்குப் பொறந்தவங்க சார். ‘எனக்குப் புள்ளைகுட்டி இல்லை, என் பொறந்தநாளை இதுங்களோட பங்கு போட்டுக்கிட்டா என்ன குறைஞ்சிடப் போகுது’ன்னு சொல்லுவாங்க. எழுதினதோட விடலை. வருஷா வருஷம் அன்னைக்கு எங்க எல்லாரையும் உக்கார வச்சுப் பாயசத்தோட சோறு போடுவாங்க. கல்யாணமாகிப் புள்ளை பெத்தவங்களும் வந்து பந்தியில உக்காருவோம்.”

“அவங்களைக் கூப்பிடு. நான் நேர்ல பார்க்கணும்.”

“போயிட்டாங்க சார். போன மாசம். எண்பது வயசு.”

மீரா உசேனின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. இருந்த ஒரே சாட்சியும் போய்விட்ட எரிச்சல் என்று வைரக்கண்ணு நினைத்துக்கொண்டான்.

“ரிடையர் ஆனப்புறம் என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க? ஒண்ணு விடாம சொல்லு.”

வைரக்கண்ணு சொன்னான். ஓய்வு பெற்ற மறுவாரமே டீச்சர் தன் வீட்டுக் கூடத்தை வகுப்பறையாக்கிவிட்டார். நடவு முடித்து வரும் பெண்கள் சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். வெளிநாடு போகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பவும், விமான நிலையத்துப் பலகைகளைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். கைநாட்டு வைத்துவிட்டு இந்த ஊரிலிருந்து யாரும் விமானம் ஏறக் கூடாது என்பது அவர் பிடிவாதம். பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லை என்றதும் தன் கொல்லையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

“கடைசியில கூட இருந்தது யாரு?”

“நான்தாங்க ஐயா” என்று கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள் டீச்சரின் பக்கத்து வீட்டு அமிர்தம். “நான் மட்டும் இல்லைங்க. ஊரே முறை வச்சுப் பார்த்துச்சு.”

“ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?”

“இல்லைங்க. மூணு நாள் காய்ச்சல். காலையில காப்பி குடிச்சாங்க, சூடு பத்தலைன்னாங்க. அப்படியே கண்ணை மூடிட்டாங்க.”

“யாரையாவது கேட்டாங்களா?”

“பழைய புள்ளைங்க பேரையெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி வரிசையா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பாதிப் பேரை எங்களுக்குத் தெரியாதுங்க.”

மீரா உசேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாஸ்போர்ட் விசாரணைக்கு இதெல்லாம் எதற்கு என்று வைரக்கண்ணுவுக்கு விளங்கவில்லை. செத்துப்போனவர்மேல் ஏதோ வழக்கு ஜோடிக்கப் பார்க்கிறார் என்று பட்டது. அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

“சார், தப்புன்னா எங்க மனுவையெல்லாம் தள்ளிடுங்க. நான் குவைத் போகலைன்னாலும் வயல்ல இறங்கிப் பொழைச்சுக்குவேன். டீச்சர் பேர்ல மட்டும் ஒரு எழுத்து எழுதிடாதீங்க.”

மீரா உசேன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தாளாக எடுத்து, ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிப் பதினேழிலும் கையெழுத்துப் போட்டார்.

வைரக்கண்ணுவுக்கு நம்ப முடியவில்லை. “மேலதிகாரி யாராவது கேட்டா உங்களுக்குப் பிரச்சினை வராதா சார்?”

“வரட்டும். பதினெட்டாவது ஆளா நானும் வந்து உங்களோட நிக்கிறேன்” என்றார் மீரா உசேன். “இந்த ஊருக்கு வர்றதுக்கு முந்தி டீச்சர் எங்க நாகூர்ப் பக்கத்துலதான் இருந்தாங்க. என் சர்வீஸ் புத்தகத்துலயும் டிசம்பர் எட்டுதான். ஃபைல்ல அந்தத் தேதியைப் பார்த்ததும், டீச்சர் இங்கதான் இருக்காங்கன்னு ஓடி வந்தேன்ப்பா.”