வாழ்க்கைக் குறிப்பில் இல்லாத வரி

வாசிக்க எழுந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

ஆலயத்தின் நடுவில் பெட்டி. உள்ளே அம்மா.

மூடுவதற்கு முன் வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பது சபை வழக்கம். அண்ணன் எழுதியிருந்தான். தன்னால் வாசிக்க முடியாது என்று அவன் நீட்டியதால் தாள் அவள் கைக்கு வந்தது.

ஒரே பக்கம். அதில் பாதி அப்பா.

தலைமையாசிரியர், சேகரச் செயலர், கோபுரக் கடிகாரம் வைத்தவர். அப்புறம் அண்ணனின் பட்டங்கள். பேரன் இருக்கும் நாடு. பேத்திக்கு நிச்சயமாகியிருக்கும் இடம்கூட வந்துவிட்டது.

அம்மாவுக்கு மூன்று வரி. பிறந்தார். ஞானஸ்நானம் பெற்றார். கணவருக்கு ஏற்ற துணையாக இருந்தார்.

நாலாவதாக ஒரு வரியைக் காலையில் இவள் சேர்த்திருந்தாள். இந்தச் சபையில் இறந்த பெண்களை நாற்பத்தொரு வருடம் குளிப்பாட்டி, உடுத்தி அனுப்பினார் என்று.

மதினி அதைப் பேனாவால் அடித்துவிட்டாள்.

சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் இருப்பார்களாம். பிணம் குளிப்பாட்டினாள் என்று மைக்கில் சொன்னால் என்ன நினைப்பார்களாம். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அவன் என்றைக்குத் திறந்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். அதுவும் அம்மா வடித்துப் போட்ட சோற்றில்.

அதையும் பொறுத்திருப்பாள். ஆனால் காலையில் அவள் பேருந்தை விட்டு இறங்கி வருவதற்குள் அம்மாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த இரண்டு ஆண்கள். அதுவும் அவர்கள் வேலையில் சேர்த்தியாம்.

புடவைத் தலைப்பு வலது தோளில் கிடந்தது.

பெண்ணுக்குப் பெண் கைதான் படவேண்டும் என்பாள் அம்மா. கதவைச் சாத்துவாள். வெந்நீரை முதலில் தன் முழங்கையில் விட்டுப் பார்ப்பாள். செத்தவளுக்குச் சூடு தெரியுமா என்று அப்பா ஒருமுறை கேட்டார். எனக்குத் தெரியுமே என்றாள்.

இத்தனை பெண்கள் இருக்கிற சபை. ஒருத்திகூட வரவில்லை.

தலைப்பை இவள்தான் இடது தோளுக்கு மாற்றினாள்.

மூன்று வரியும் முடிந்தது. போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

அவள் இறங்கவில்லை.

தாளை மடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“பொன்னரசி தங்கம்.”

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனுக்கு விளங்கியது.

சின்ன வயதில் தினமும் கேட்டது. குடும்ப ஜெபத்தில், தான் குளிப்பாட்டி அனுப்பிய பெண்களின் பெயர்களை அம்மா வரிசையாகச் சொல்லி, அவர்கள் வீட்டாருக்காக வேண்டிக்கொள்வாள். சோறு ஆறிக்கொண்டிருக்கும். முழங்கால் போட்டபடி அண்ணனும் இவளும் இன்னும் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். வேத வசனம் மறந்துபோனாலும் அந்த வரிசை மறக்காது. கடைசிவரை ஒவ்வொரு விடுமுறைக்கும் அது நீண்டுகொண்டே போனது.

“மங்களம் டீச்சர். கொத்தனார் வீட்டு ராகேல்.”

ஆண்கள் பக்கத்தில் ராகேலின் மகன் எழுந்து நின்றான். யாரும் அவனை நிற்கச் சொல்லவில்லை.

“பிள்ளைப்பேற்றில் போன குளோரி.”

குளோரியின் தங்கை நின்றாள். பின்வரிசையில் ஒரு வீடே நின்றது.

பெயர்கள் வந்துகொண்டிருந்தன. பெஞ்சுகள் காலியாகவில்லை, ஆனால் உட்கார்ந்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அண்ணனின் உதடுகளும் சேர்ந்து அசைந்தன. திடீரென்று அவை நின்றன.

அவள் கண்ணைத் திறந்தாள்.

அடுத்த பெயர் லில்லி புஷ்பம். மதினியின் அம்மா.

மார்பில் புண். கடைசி ஒரு வாரம் அந்த அறைப்பக்கம் யாரும் போகவில்லை. இறந்த அன்று பெற்ற மகளே மூக்கில் கைக்குட்டையோடு முற்றத்தில் நின்றாள். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெந்நீர் கொண்டுபோய் வாசலில் வைத்தது இவள். இரண்டு மணி நேரம் கழித்து அம்மா வெளியே வந்தாள். உங்கம்மா நல்லா இருக்காங்க, வந்து பாரு என்று மருமகளின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

அதன்பின் அம்மா அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இவளுக்குப் பேச ஆசையாக இருந்தது. புண்ணையும் கைக்குட்டையையும் மைக்கில் சொல்லிவிட்டு, முன்வரிசையில் பட்டுப்புடவையோடு இருக்கும் சம்பந்தியம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சொல்லவில்லை. அம்மா சாத்திய கதவு.

அந்தப் பெயரை விட்டுவிட்டு அடுத்ததற்கும் போகவில்லை. மதினியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மின்விசிறிகள் சுற்றின. போதகர் செருமினார். அண்ணன் தரையைப் பார்த்தான்.

மதினி எழுந்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை, இவளையும் பார்க்கவில்லை. சம்பந்தியம்மாளிடம்தான் சொன்னாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

“எங்கம்மாவ நான் தொடல. மாமிதான் தொட்டாங்க.”

சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

இவளுக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

“எஸ்தர் பாக்கியம்,” என்றாள்.

இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள்.