கம்பத்தில் தொங்கியவன்

பேருந்திலிருந்து இறங்கிய மார்லெனியின் கண்ணில் முதலில் பட்டது, விளக்குக் கம்பத்தில் கழுத்தில் கயிறோடு தொங்கிய மனிதன்தான். குளிர்காற்றில் அவன் கால்கள் மெல்ல ஆடின. அவனுக்கு நேர் கீழே ஒருவர் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டியாம்மா? வைக்கோல் பொம்ம!" என்று சிரித்தாள் சதுர்னினா. நிலையத்து வாசலில் சூடாகச் சோளக்கஞ்சி விற்பவள்; இவளுக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். "எங்க வில்யாசோன் ஊர்ல தெருவுக்குத் தெரு ஒண்ணு தொங்கும். திருட வர்றவன் நல்லாப் பாத்துக்கட்டும்னுதான். போலீஸ் வந்து சேர்றதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும், நாங்களே பாத்துக்குவோம்."

"எல்லாமே பொம்மதானா?"

"பொம்மதான். எங்க தெருப் பொம்ம அந்தக் கோடியில இருக்கு. அதுக்கு மட்டும் புடிபட்டவன் துணியத்தான் மாட்டுவோம்."

"துணி பொம்மைக்குன்னா, ஆளு?"

"கஞ்சி ஆறுது, குடி" என்றாள் சதுர்னினா.

மார்லெனி பையைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்தாள். "இவன் என் தம்பி, எபெர். இங்க எல்லைப் பாலத்துல மூட்ட தூக்கிட்டிருந்தான். ஆறு மாசமா ஒரு சேதியும் இல்ல. இருக்கானா செத்தானான்னு தெரிஞ்சாப் போதும்மா."

சதுர்னினாவின் சிரிப்பு நின்றது. படத்தைக் கவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "பாத்ததில்ல." பாதி குடித்திருந்த தம்ளரையும் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவில் தும்மினால், இந்தப் பக்கம் பொலிவியாவில் நாலு பேர் மருந்து சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட ஊர் அந்தப் படத்தைக் கண்டதும் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டது.

செருப்புத் தைப்பவர் ஊசியை விட்டு நிமிரவே இல்லை. தொப்பிக் கடைக்காரி, "இந்தத் தெருவுல அப்படி யாரும் இல்ல, வந்த பஸ்ஸிலயே திரும்பிப் போயிடு" என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

பின்னால் ஒரு விசில் சத்தம் கேட்டது. அதற்குப் பதில் போல முன்னால் ஒரு மொட்டை மாடியிலிருந்து இன்னொரு விசில். மாவு மூட்டையோடு பாலத்துக்கு ஓடிக்கொண்டிருந்த கூலிகள்கூட நின்று அவளைப் பார்த்தார்கள்.

அவள் நடையை எட்டிப் போட்டாள். தெருக் கோடியில் அந்தப் பொம்மை தொங்கியது. சாக்குத் துணியில் தலை, மார்பில் 'திருடனுக்கு இதுதான் கதி' என்று ஓர் அட்டை. மேலே கருஞ்சிவப்பு ஸ்வெட்டர், அதில் வரிசையாக வெள்ளை மலைகள்.

மார்லெனி கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து பொம்மையைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் அந்த அலறல் வந்தது.

"நான் பின்னிக் குடுத்த ஸ்வெட்டர்! அடப் பாவிங்களா, என் தம்பிய என்னடா பண்ணீங்க? அவன் ஒரு குண்டூசி திருட மாட்டானே!"

கம்பத்தைக் கட்டிக்கொண்டு தரையில் சரிந்தாள். விசில் ஊதியவர்கள், கதவடைத்தவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து வளைத்து நின்றார்கள். அவள் அழுத அழுகையைப் பார்த்து ஒருத்தி தண்ணீர் எடுத்துவர ஓடினாள்.

தெருத் தலைவர் எலியோதோரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வாயில் கோக்கா இலையை அதக்கியபடி அவளையே பார்த்தார்.

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிருக்கோம்" என்றார்.

"யோவ், கூடப் பொறந்தவய்யா!" என்று சதுர்னினா சீறினாள். "இந்த அழுகையப் பாத்துட்டும் வாய மூடிட்டு நிப்பியா? நீ மனுசனா, இல்ல நீயும் வைக்கோலா?"

எலியோதோரோ இலையைத் துப்பினார். மார்லெனி அருகில் குந்தினார்.

"எந்திரி மகளே. உன் தம்பிக்கு ஒண்ணும் ஆகல."

அவள் அழுகை சட்டென்று நின்றது.

"பாலத்தடியில ஒரு கடத்தல் கும்பல் ஒருத்தனக் கொன்னத அவன் கண்ணால பாத்துட்டான். அடுத்த வாரம் கோர்ட்டுல சாட்சி சொல்லணும். அதுக்குள்ள தீர்த்துக் கட்டிடணும்னு தேடினானுங்க. நாங்கதான் அவன் ஸ்வெட்டரப் பொம்மைக்கு மாட்டி, திருட வந்தான், அடிச்சே கொன்னுட்டோம்னு கத கட்டினோம். அவனுங்களும் நம்பிட்டானுங்க, தேடுறத விட்டாச்சு."

"இப்ப எங்க இருக்கான்?"

எலியோதோரோ ஒரு நொடி தயங்கினார். சதுர்னினா முந்திக்கொண்டாள். "ஆத்துக்கு மேல செங்கச்சூள இருக்குல்ல, அங்கதான். நானே கூட்டிட்டுப் போறேன். மொதல்ல வயித்துக்கு எதாவது சாப்பிடு."

தொப்பிக் கடைக்காரி அவளைத் தூக்கி நிறுத்தி, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். செருப்புத் தைப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் ஊருக்கே விருந்து வைத்தவர்களைப் போலப் பூரித்து நின்றோம். ஆறு மாதம் கட்டிக் காத்த பொய்யை இப்படி ஒரு நல்ல காரியத்துக்காக உடைத்ததில் எல்லாருக்கும் நிம்மதி.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்றாள் மார்லெனி. "வீட்டுல எல்லாரும் சாப்பிடாமக் கெடப்பாங்க. போன் பண்ணிச் சொல்லிட்டு வந்துடறேன்."

"சொல்லு தாயி, மொதல்ல அதச் சொல்லு!" என்று சதுர்னினா அவளுக்காகப் புதிதாகக் கஞ்சி ஊற்றப் போனாள்.

மார்லெனி பாலத்துப் பக்கம் பத்தடி தள்ளிப் போய்ப் போனைக் காதில் வைத்தாள்.

"மொதலாளி, செங்கச்சூளைக்கு ஆளுங்கள அனுப்புங்க."