முப்பத்தொரு சதவீதம்

மேயர் தீஹொமிர் புகையூட்டிய பன்றித்தொடையை மேசைமேல் கிடத்திவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "சொல்லுங்க தெசாங்காம்மா. நாளைக்குப் பேப்பர்ல எனக்கு எத்தனையாவது இடம்?"

"முதல் இடம், மேயரே. முப்பத்தொரு சதவீதம்."

தீஹொமிர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பார்க்கிறவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்றுதான் நினைப்பார்கள்.

"தண்ணி தரட்டுமா?"

"தண்ணி பத்தாது. பிளம் சாராயம் இருந்தா ஊத்துங்க."

ஜனாதிபதி தேர்தலுக்கு இன்னும் முழுசாக இரண்டு வருடம் இருந்தது. ஆனாலும் இப்போது நாற்காலியில் இருப்பவரை எதிர்த்து யார் நின்றால் எடுபடும் என்று தெசாங்காவின் நிறுவனம் ஆயிரம் பேரைக் கேட்டுக் கருத்துக்கணிப்பு வெளியிடும். அதை நாடே படிக்கும். நாட்டுக்கு முன்னால் ஜனாதிபதி படிப்பார்.

போன கணிப்பில் முதலிடம் பிடித்தவர் ஓர் ஓட்டல் முதலாளி. ஒரே வாரத்தில் அவருடைய சமையலறையில் எலி பிடிபட்டு ஓட்டலுக்குப் பூட்டு விழுந்தது. எலியைச் சுகாதார அதிகாரிகளே ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு முந்தைய கணிப்பில் ஓர் அறுவை மருத்துவர். தான் படித்த கல்லூரிப் பதிவேட்டில் தன் பெயரே இல்லை என்பது முப்பது வருடம் கத்தி பிடித்த பிறகு அவருக்குத் தெரியவந்தது.

தீஹொமிரிடம் இருந்தவை ஒரு மர ஆலை, மேயர் பதவி, நகராட்சிச் சம்பளத்தில் பதினோரு உறவினர்கள். நாளைக் காலைப் பேப்பர் வந்தால் எதுவும் மிஞ்சாது.

"எவன் என் பேரைச் சொன்னது? நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"ஊருக்குப் பாலம் கட்டினீங்களாம்."

"பாதிப் பாலம்தானேம்மா கட்டினேன்!"

தெசாங்கா எழுந்து போய் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். ஜனாதிபதியைத் தொடும் பேச்சு வந்துவிட்டால் ஒட்டுக்கேட்பவர் காதில் விழாதபடி அந்த நாட்டில் எந்த அலுவலகத்திலும் வானொலியில் அக்கார்டியன் இசை அலற ஆரம்பித்துவிடும்.

அந்த அலறலுக்குள் தலையை நீட்டித் தீஹொமிர் விஷயத்துக்கு வந்தார். "இறக்கிடுங்கம்மா. எனக்கு மூணு சதவீதம் போதும்."

"நாங்க நம்பரை விக்கிறவங்க இல்ல, மேயரே." சொல்லிக்கொண்டே பன்றித்தொடையைக் கையில் தூக்கி எடை பார்த்தார் தெசாங்கா. குளிர்பெட்டியைத் திறந்தார், உள்ளே இடமில்லை. முழங்காலால் முட்டிக் கதவைச் சாத்திவிட்டு, தொடையை ஜன்னலோரம் வைத்தார்.

"விக்க வேணாம். தள்ளுபடி பண்ணுங்க."

"மூணுன்னு போட்டா அடுத்த மேயர் தேர்தல்ல உங்க வீட்டு நாய்கூட உங்களை மதிக்காது. இருபது போடறேன்."

"இருபதுக்கும் ரெண்டு அதிகாரி வருவானே! அஞ்சு."

"அஞ்சா? ஆயிரம் கதவைத் தட்டியிருக்கோம். எங்க பொண்ணுங்க செருப்பு தேஞ்சதுக்காவது ஒரு மரியாதை வேணாமா? பன்னெண்டு."

"ஏழு. உங்க கோடை வீட்டுக்கு அறுத்த பலகை ஒரு லாரி வரும்."

"ஒன்பது. அதுதான் நியாயமான நம்பர். அதுக்குக் கீழ பேசறதா இருந்தா இப்பவே கிளம்பிடுங்க."

தீஹொமிர் கையை நீட்டினார். மாட்டுச் சந்தையில் அடிப்பதுபோல் தெசாங்கா அந்த உள்ளங்கையில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். பேரம் படிந்துவிட்டது. மேயர் தொப்பியைக் கழற்றி, வழுக்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு இருக்கு மேயரே. கூட்டினா நூறு வரணும். மிச்சம் இருபத்திரண்டை யார் தலையில கட்டறது? வாங்கிக்க ஆள் இருந்தாத்தான் உங்களுக்கு இறக்க முடியும்."

பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்தார். இன்னும் நாலு பெயர்கள் இருந்தன. முதல் ஆள் பிஷப்பின் தம்பி. அவர் தலையில் கட்டினால் மேலுலகம்வரை வம்பு. அடுத்தவர் ஓய்வுபெற்ற தளபதி, வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர். மூன்றாமவருக்கு இதய நோய். தீஹொமிருக்கு மனசாட்சி உண்டு.

நாலாவது பெயர் ஓக்னென். மனைவியின் தம்பி, வெந்நீர்ச் சுனை மருத்துவமனையின் இயக்குநர். இருபது வருடமாக ஞாயிறு மதியம் இரண்டு குடும்பமும் ஒரே மேசையில்தான் சாப்பாடு. தீஹொமிர் கண்ணை மூடி யோசித்தார். ரொம்ப நேரம் மூடவில்லை.

"ஓக்னென் பேர்ல போட்டுடுங்க."

"உங்க மச்சான் பேர்லயா?"

"தங்கமான பையன்மா. நாட்டுக்கு அவனை மாதிரி ஆள்தான் வேணும். இத்தனை நாள் ஜனங்க கண்ணுல படாம இருந்ததே அநியாயம்." குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு மட்டும் வெளிய போகக்கூடாது. என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா ஜனாதிபதியே தேவலைன்னு ஆயிடும்."

தெசாங்கா பேனாவை மூடிவைத்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது.

"முடியாது மேயரே. அந்த இருபத்திரண்டைக் காலையில உங்க தலையில கட்டிட்டுப் போனதே அவர்தான்."